மிக்சரில் பாதி, காற்றில் பாதி: நண்பர்களின் இசையைப் பதிவு செய்தபோது கற்றவை

முதல் பதிவைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. பாடகர் காதருகே நின்று பாடினார். டிரம்ஸ் பக்கத்து புளோக்கிலிருந்து கேட்டது. கிட்டார் இருந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. அந்த இரவில் நேரில் கேட்ட இசைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

நண்பர்கள் ஐவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது தொடங்கிய இசைக்குழு அது. சிங்கப்பூர் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு மதுக்கூடத்தின் திறந்தவெளியில் அவ்வப்போது வாசிப்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்கள், இடையிடையே தமிழ்த் திரைப்பாடல்கள், சொந்தமாக எழுதிய மூன்று பாடல்கள். ஒலிப்பதிவில் ஆர்வம் உள்ளவன் என்பதால் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

அடுத்த நிகழ்ச்சியில் எப்படியும் சரியாகச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் அதற்குச் சில நாள்களில் தேசிய சேவைக்குச் செல்லவிருந்தார். மற்ற இருவரும் அடுத்தடுத்துச் செல்ல வேண்டியவர்கள். ஐவரும் மறுபடி எப்போது ஒரே மேடையில் நிற்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

மிக்சர் ஏன் ஏமாற்றியது?

முதல் முறை நான் செய்தது எளிது. ஒலி அமைப்பாளரின் மிக்சரிலிருந்து ஒரு கேபிளை எடுத்து என் பதிவுக் கருவியில் செருகினேன். எல்லா ஒலியும் மிக்சர் வழியாகத்தானே போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் தவறு.

சிறிய மேடையில் டிரம்ஸுக்கு மைக் தேவைப்படாது. அது தானாகவே உரக்கக் கேட்கும். கிட்டாருக்கு அதன் ஆம்ப் போதும். பாடகரின் குரலுக்கும் கீபோர்டுக்கும்தான் ஒலிபெருக்கியின் உதவி வேண்டும். அதனால் மிக்சருக்குள் போவது அவை மட்டுமே. பார்வையாளர் கேட்பதோ, மேடையிலிருந்து நேராக வரும் ஒலியும் ஒலிபெருக்கியின் ஒலியும் காற்றில் கலந்த கலவை. மிக்சரில் பாதிதான் இருந்தது. மறுபாதி காற்றில் இருந்தது.

இரண்டு தடம், இரண்டு பிரிவு

இரண்டாவது முறை கல்லூரியிலிருந்து நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். அதிலேயே இரண்டு மைக்குகள் உண்டு. வெளியிலிருந்து இரண்டு கேபிள்களையும் செருகலாம். நான்கு தடங்களும் ஒரே கருவியில் பதிவானால் ஒன்றையொன்று விட்டு விலகாது. இரண்டு தனிக் கருவிகளில் பதிவு செய்தால், அவற்றின் உள் கடிகாரங்களில் உள்ள சிறு வேறுபாட்டால் ஒரு மணி நேர முடிவில் தாளம் இரட்டையாகக் கேட்கக்கூடும்.

ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசியதுதான் நான் செய்த மிக நல்ல காரியம். மிக்சரில் ‘ஆக்ஸ்’ எனப்படும் துணை வெளியீடுகள் உண்டு. ஒலிபெருக்கிக்குப் போகும் கலவையைத் தொடாமலேயே, அவற்றில் வேறொரு கலவையை அனுப்பலாம். பெரிய டிரம்முக்கு ஒரு மைக், டிரம்ஸுக்கு மேலே ஒரு மைக், கிட்டார் ஆம்ப் முன் ஒரு மைக் வைத்தோம். பேஸ் கிட்டாரை நேரடியாக இணைத்தோம். இவை எதுவும் ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. பதிவுக்கு மட்டுமே வந்தன.

கையில் இருந்தவை இரண்டு கேபிள்கள். இடது, வலது என்று பிரிப்பதற்குப் பதிலாக, ஒன்றில் குரலும் கீபோர்டும், மற்றொன்றில் டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் வருமாறு கேட்டுக்கொண்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து குரலை ஏற்றவோ தாளத்தை இறக்கவோ முடிந்ததற்கு இந்தப் பிரிப்புதான் காரணம். இடம், வலம் என்ற உணர்வைக் காற்றில் இருந்த இரண்டு மைக்குகள் தந்தன.

காற்று, மழை, பேச்சு

மூடிய அரங்கில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். திறந்தவெளியில் போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். பின்னால் போகப் போக இசை குறையும், பக்கத்து மேசைப் பேச்சு மட்டும் குறையாது. எனவே கருவியை மேடையிலிருந்து பத்தரை மீட்டர் தூரத்தில், தலைகளுக்கு மேலே இருக்கும்படி உயரமான கம்பத்தில் பொருத்தினேன்.

மைக்கின் பெரிய எதிரி காற்று. நாம் மெல்லிய தென்றல் என்று நினைப்பது பதிவில் இடிபோல் உறுமும். அதைப் பிறகு கணினியில் முழுவதுமாக நீக்குவது கடினம். பூனை ரோமம் போன்ற காற்றுத் தடுப்பு உறை அவசியம். கூடவே அந்த இரண்டு மைக்குகளிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைத்தேன். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அது மிக்சர் வழியாக வந்துகொண்டிருந்ததால் இழப்பில்லை.

ஒலியளவிலும் ஒரு பாடம் உண்டு. டிஜிட்டல் பதிவில் பூஜ்யம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுவிடும். மாலையில் சோதித்துப் பார்க்கும்போது யாரும் முழு வேகத்தில் வாசிப்பதில்லை. கூட்டம் வந்ததும் கை தானாக ஓங்கும். சோதனையின்போது உச்ச அளவு -18இல் நிற்குமாறு வைத்தேன். நிகழ்ச்சியில் அது -9 வரை ஏறியது. 24-பிட் பதிவில் இப்படிக் குறைத்து வைப்பதால் தரம் கெடாது. ஒன்றரை மணி நேரத்தில் நான்கு தடங்களும் சேர்ந்து 3 ஜிபியைச் சற்றுத் தாண்டின.

30 மில்லிவினாடி

மறுநாள் நான்கு தடங்களையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. காரணம் இயற்பியல் பாடத்தில் படித்ததுதான். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் பயணம் செய்கிறது. பத்தரை மீட்டரைக் கடக்க 30 மில்லிவினாடி ஆகும். கேபிள் வழியாக வந்த ஒலி முன்பே வந்துவிட, காற்றில் வந்தது பின்தங்கியது. மிக்சர் தடங்களை 30 மில்லிவினாடி பின்னுக்குத் தள்ளியதும் டிரம்ஸ் அடி ஒன்றாக விழுந்தது. அந்த நொடியில்தான் அந்த இரவு திரும்பி வந்தது.

திருத்தலாமா?

கடைசிப் பாடலுக்கு முன் பாடகர், நண்பர் தேசிய சேவைக்குச் செல்வதைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. தூறல் தொடங்கியும் யாரும் எழுந்து போகவில்லை. பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மிக்சர் தடங்களில் அந்தக் குரல்கள் மிக மெலிதாகவே கேட்கின்றன. கம்பத்தில் இருந்த இரண்டு மைக்குகளில்தான் அவை முழுதாக இருக்கின்றன.

அதே பாடலில் நண்பர் ஒரு இடத்தில் ஓர் அடி தாமதமாக நுழைந்தார். அடுத்த பல்லவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் யாருக்கும் தெரியாது. புகழ்பெற்றவர்களின் நேரடி இசைத்தொகுப்புகளிலும் இந்தக் கேள்வி உண்டு. ‘தின் லிஸ்ஸி’ குழு 1978ல் வெளியிட்ட ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ தொகுப்பின் பெரும்பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கப்பட்டது என்றார் அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கொண்டி. குழுவின் தரப்பு அதை மறுத்தது. எவ்வளவு திருத்தினால் ‘நேரடி’ என்ற சொல் பொய்யாகிறது என்பதற்கு விதி எதுவும் இல்லை. வாசித்தவரைக் கேட்பதுதான் முறை என்று தோன்றியது.

பதிவு செய்வதற்கும் அதே முறைதான். இசைக்கலைஞர்களிடமும் இடத்தை நடத்துவோரிடமும் முன்பே அனுமதி பெறுங்கள். மற்றவர் இசையமைத்த பாடல்களை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அவற்றின் உரிமை பற்றி விசாரியுங்கள். நாங்கள் சொந்தப் பாடல்கள் மூன்றை மட்டும் வெளியிட முடிவெடுத்தோம். மற்றவை ஐவரிடம் மட்டும் இருக்கின்றன.

முகாமிலிருந்து முதன்முறையாக வீட்டுக்கு வந்த வார இறுதியில், மொட்டைத் தலையோடு என் அறையில் உட்கார்ந்து நண்பர் முழுவதையும் கேட்டார். தாமதமாக நுழைந்த இடம் வந்தது. திருத்தட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்டா. அன்னைக்கு அப்படித்தான் வாசிச்சேன்,” என்றார். பிறகு கூட்டம் பாடும் இடத்தை மறுபடி போடச் சொன்னார்.