முதற் கணனியை நாமே பொருத்துவோம்

பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் வீட்டில் கணனிக் கதை எழும். வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பத்திற்கு அது சிறிய செலவல்ல. சீட்டுக் காசோ, தாயின் காப்போ அதற்குள் போகிறது. அந்தக் காசு வீணாகாமல் இருக்க வேண்டுமானால், வாங்கும் முன் சில விடயங்களை அறிந்திருத்தல் அவசியம்.

பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்தினால், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது எமக்குத் தெரியும். பழுது வந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு இது கடினமான வேலையுமல்ல.

முதலில் தேவையை எண்ணுங்கள்

செய்தி பார்க்கவும் உறவினருடன் கதைக்கவும் மட்டுமென்றால் கைத்தொலைபேசி போதும். அடிக்கடி இடம் மாற வேண்டிய நிலையில் இருந்தால், அல்லது மின்சாரம் ஒழுங்காக இல்லாவிட்டால், பாவித்த மடிக்கணனியே பொருத்தம். ஓரிடத்தில் இருந்து பாடம் படிக்கவும், கடிதம் தட்டச்சுச் செய்யவும், சங்கக் கணக்கு எழுதவும் வேண்டுமென்றால் மேசைக் கணனி நல்லது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழியே.

பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

இரண்டு அங்குலப் பம்பிற்கு மூன்று அங்குலக் குழாய் பூட்ட முடியாது. கணனியிலும் அப்படித்தான்.

1. புறொசெசர்: இது கணனியின் மூளை. பாவித்ததை வாங்குவதாயின் இன்ரெல் எட்டாம் தலைமுறைக் கோர் ஐ3-8100 போன்ற ஒன்று வீட்டு வேலைக்குப் போதும். இலக்கத்தின் முடிவில் 'எஃப்' எழுத்து உள்ள இன்ரெல் புறொசெசர்களில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. அதை வாங்கினால் தனியாக ஒரு கிராபிக்ஸ் அட்டைக்கும் காசு தேட வேண்டும். விலை குறைவென்று ஏமாற வேண்டாம்.

2. தாய்ப்பலகை: எல்லாப் பாகமும் வந்து சேரும் இடம் இதுவே. ஆறாம், ஏழாம், எட்டாம் தலைமுறைகளுக்கான தாய்ப்பலகைகள் எல்லாவற்றிலும் '1151' என்ற ஒரே இலக்கப் பொருத்துவாய்தான் உண்டு. ஆயினும் எட்டாம் தலைமுறைக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசைப் பலகையே வேண்டும். எச்110 பலகையில் அது அழகாக உட்காரும். ஆனால் வேலை செய்யாது. கடையில் இந்த இலக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

3. றாம்: 8 ஜிபி இருந்தால் நிம்மதி. டிடிஆர்3, டிடிஆர்4 என்பவற்றின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும்; ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மேலே கூறிய பலகைகளுக்குப் பெரும்பாலும் டிடிஆர்4 வேண்டும். மடிக்கணனியின் றாம் நீளம் குறைந்தது. அதை மேசைக் கணனிக்கு வாங்கக் கூடாது.

4. சேமிப்பு: சுழலும் வன்தட்டை விட எஸ்.எஸ்.டி வேகமானது. அதனுள் அசையும் பாகம் இல்லாததால் குலுக்கலையும் தாங்கும். 240 ஜிபி போதுமானது. இதைப் புதிதாகவே வாங்குங்கள்.

5. மின்வழங்கி: இதையும் புதிதாக, உத்தரவாதத்துடன் வாங்குங்கள். மலிவான மின்வழங்கி எரியும்போது மற்றப் பாகங்களையும் கொண்டு போகும். சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 எனச் சிவப்பு ஆளி இருக்கும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஆளி 115இல் இருக்க மின் கொடுத்தால் அந்தக் கணமே எரிந்துவிடும்.

புறொசெசர், தாய்ப்பலகை, றாம், பெட்டி, திரை, விசைப்பலகை ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கலாம்.

இத்தகைய கணனியும் திரையும் சாதாரண வேலையின்போது சேர்ந்து 75 வாற் எடுத்தால், நாளுக்கு நான்கு மணித்தியாலம் என 30 நாளில் 9 அலகு மின்சாரம் செலவாகும். தற்காலிக வீட்டில் இருப்போர் புவித்தொடுப்பு உள்ளதா என மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பித்துக் கொள்ளுங்கள்.

எந்தப் பணிசெயல் முறைமை?

பாகங்களை இயக்கும் மென்பொருளே பணிசெயல் முறைமை. இரண்டு வழிகள் உண்டு.

விண்டோஸ் பலருக்கும் பழகியது. ஆனால் அதற்கு உரிமம் காசுக்கு வாங்க வேண்டும். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11இற்கு 4 ஜிபி றாம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியன வேண்டும். இன்ரெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே அது ஏற்கப்படுகிறது. நாம் எட்டாம் தலைமுறையைச் சொன்னதற்குக் காரணம் இதுவே. களவுப் பிரதியைப் போட்டால் அதனோடு வைரசும் வரக்கூடும்.

லினக்ஸ் இலவசமானது. 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் இலகுவானது. அதன் 22ஆம் பதிப்பிற்கு 2029 வரை ஆதரவு உண்டு. கடிதம், கணக்கு வேலைகளுக்கு லிப்ரே ஒபிஸ் அதனுடனேயே வருகிறது. விண்டோசிற்கென எழுதப்பட்ட சில மென்பொருள்கள் மட்டும் அதில் இயங்கமாட்டா. பிள்ளையின் பாடத்திற்கு அப்படி ஏதும் தேவையா என ஆசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

லினக்ஸ் மின்டில் இன்னொரு வசதியும் உண்டு. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றினால், கணனியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். பாவித்த பாகங்களை வாங்கும்போது அதைக் கையில் கொண்டு போங்கள். திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் வேலை செய்கின்றனவா எனக் கடையிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

பொருத்தும்போது

மின்னைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புறொசெசரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைத் தாய்ப்பலகையின் அடையாளத்துடன் சேர்த்து வையுங்கள்; அழுத்த வேண்டாம். மேலே சிறிது வெப்பப் பசை இட்டு விசிறியைப் பூட்டுங்கள். றாமை 'கிளிக்' எனச் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பெட்டிக்குள் பூட்ட முன், மேசையில் ஒரு மட்டையின் மீது வைத்து இயக்கிப் பாருங்கள். திரை வராவிட்டால் றாமைக் கழற்றி மீண்டும் பூட்டுவதே முதல் வைத்தியம். ஒவ்வொரு முறையும் திகதி பின்னோக்கிப் போனால் பலகையிலுள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள்.

முதலாவது வேலை

தமிழை யுனிக்கோட்டில் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

பின்னர் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்துக் கணனியில் வையுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து வேறிடத்திலுள்ள உறவினரிடம் கொடுங்கள். இது மூல உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் அதில் இருந்தால், மூலம் தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் பிரதி தேடுவது இலகு. ஓடும்போது பெட்டியைத் தூக்க முடியாது. பென் டிரைவ் மடியில் அடங்கும்.