முழங்கால் தண்ணீரில் புள்ளி மீன் வேட்டை!

கடல் மீன் பிடிக்கப் படகு வேண்டும், வலை வேண்டும். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலக் கடற்கரையில் இரண்டும் இல்லாமலே பிடிக்கிறார்கள்! கையில் ஒரு தூண்டில். முழங்கால் அளவோ, இடுப்பளவோ தண்ணீர். அவ்வளவுதான்!

அங்கே 'லகூனா மாத்ரே' என்ற நீண்ட உப்பங்கழி இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே பாத்ரே என்ற மணல் தீவு. கழியின் அடியில் புல் மண்டிக் கிடக்கிறது. புல்லுக்குள் இறால் வளர்கிறது. இறாலைத் தேடி வருகிறது, புள்ளி டிரவுட் மீன்.

கத்தாழைக்கு உறவு

நீலகிரி ஓடைகளிலும் டிரவுட் மீன் உண்டு. ஆனால், இது அந்த ஜாதி அல்ல. நம் ஊர்க் கத்தாழை மீனுக்கு உறவு! முதுகிலும் வாலிலும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில், பொழுது சாய்ந்ததும் ஆண் மீன் தன் காற்றுப்பையை அதிரச் செய்து கொட்டு அடிக்கும். பெண் மீனுக்கு அது அழைப்பு!

ஏமாற்றும் தக்கை

தூண்டில் கயிற்றில் ஒரு தக்கை. அதன் கீழே முள்ளில் இறால். கயிற்றைச் சுண்டினால் தக்கை 'பளக்' என்று சத்தம் போடும். வேறொரு மீன் இரை தின்கிறது என்று நினைத்து, புள்ளி மீன் ஓடி வரும். கவ்வியதும் வேகமாக இழுக்கக் கூடாது. அதன் வாய் மிகவும் மெல்லியது, கிழிந்துவிடும்!

காலைத் தூக்கி வைத்து நடப்பதும் ஆபத்து. மணலில் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். அதனால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். சத்தம் கேட்டுத் திருக்கை விலகிவிடும்.

குளிர் செய்த கொடுமை

ஆழம் குறைந்த தண்ணீரே இந்த மீனுக்கு எமனும் ஆகும். 2021 பிப்ரவரியில் டெக்சாசில் கடுங்குளிர் அடித்தது. கழித் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தது. சுமார் 38 லட்சம் மீன்கள் செத்து மிதந்தன. அவற்றில் புள்ளி டிரவுட் மட்டும் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம்!

கடலில் பிடித்த இந்த மீனை விற்கக் கூடாது என்று 1981-லேயே சட்டம் வந்திருந்தது. 2024-ல் விதி இன்னும் இறுகியது. ஒருவர் ஒரு நாளைக்கு 3 மீன்தான் எடுக்கலாம். நீளம் 15 முதல் 20 அங்குலம் வரை இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய மீனைப் பொதுவாகத் திருப்பி விட்டுவிட வேண்டும்.

பெரிய மீனை விடுவதா? ஆம்! பெரியவை அநேகமாக எல்லாமே பெண் மீன்கள். லட்சக்கணக்கில் முட்டை இடுபவை. அதனால் ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, மெதுவாகத் தண்ணீரில் விடுகிறார்கள்.

தாய் மீன் பிழைத்தால்தானே, நாளைக்கும் சட்டியில் குழம்பு கொதிக்கும்!