வட்டாவில் இரண்டு ஆங்கிலச் சொற்கள்

மட்டக்களப்பு வாவிக்கரை வீடொன்றில் கல்யாணப் பேச்சென்றால் வெற்றிலை வட்டா வராமல் காரியம் தொடங்காது. அந்தப் பித்தளைத் தட்டில் இருக்கும் வெற்றிலையும் பாக்கும் ஆங்கிலத்துக்குத் தலா ஒரு சொல்லைக் கொடுத்திருக்கின்றன: ‘பீற்றில்’, ‘அரிக்கா’.

வெறும் இலை என்பதே வெற்றிலை. பூவுக்கோ காய்க்கோ அல்லாமல் இலைக்காகவே வளர்க்கும் கொடி. மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். 1498-இல் மலையாளக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசர் அதைக் கேட்டு ‘பெத்ரே’, ‘பெத்லே’ என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ‘வெ’ ‘பெ’ ஆனது. நடுவிலிருந்த ‘ற்ற’ தகர ஒலியாய் நின்றது. நாமும் கடைப்பலகையில் ‘மார்க்கற்’ என்றுதானே எழுதுகிறோம்! ஆங்கில ‘ரீ’ எழுத்தின் ஒலிக்கு ஈழத்தமிழர் கண்ட எழுத்து றகரம்.

பாக்கின் கதை இன்னும் சுவையானது. அதன் பழைய பெயர் அடைக்காய், மலையாளத்தில் அடக்க. அந்தத் தனி ‘ட’வை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மடிந்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விழும். அது பழகாத காதுக்கு ‘ர’ என்றே கேட்கும். அப்படித்தான் ‘அரெக்கா’ பிறந்தது. கோவாவிலிருந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட மூலிகை நூலில் இரண்டுமே உண்டு. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் கமுகுக்கு ‘அரெக்கா கட்டெச்சு’ என்றும் வெற்றிலைக்கு ‘பைப்பர் பெட்லே’ என்றும் பெயரிட்டார். ‘பைப்பர்’ என்பதும் நம் பக்கத்துச் சொல்தான். திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலி, கிரேக்கம் வழியாக இலத்தீனில் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேயரோ பாக்கைப் போய் ‘பீற்றில் கொட்டை’ என்று அழைத்து, இலையின் பெயரைக் காய்க்குச் சூட்டிவிட்டார்கள்.

இந்தச் சொற்களைச் சுமந்துபோன மொழி மட்டக்களப்பில் இன்னும் உயிரோடிருக்கிறது. போர்த்துக்கீசர் 1628-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆட்சி போனாலும் பேச்சு போகவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் மூத்தவர்கள் தமக்குள் அந்தப் போர்த்துக்கீசக் கலப்புமொழியில்தான் கதைப்பார்கள். பேரப்பிள்ளைகள் தமிழில் மறுமொழி சொல்கிறார்கள்.