விட்ட பீடி மீண்டும் கைக்கு வராதிருக்க

பீடி குடிப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லும் அன்பர்களை நமது கிராமங்களில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஆறு மாதம் கழித்து அவர்களில் பலரைத் தேநீர்க் கடை வாசலில் பீடியும் கையுமாகக் காண்பதும் அரிதன்று. "அவருக்கு மன உறுதி போதாது" என்று ஊரார் ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு சரியானதன்று என்பது நமது அபிப்பிராயம். எவ்வித உதவியுமின்றிப் புகைப்பதை நிறுத்துவோரில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப் பிடிப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே என்றும், தவறுவோரில் பெரும்பாலோர் முதல் 8 நாட்களுக்குள்ளேயே தவறிவிடுகின்றனர் என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரும் உறுதியற்றவர்கள் என்று கூறுவது பொருந்துமா?

காரணத்தைச் சற்று ஆராய்வோம். புகையை உள்ளிழுத்தால் அதிலுள்ள நிகோடின் என்னும் பொருள் சுமார் 10 முதல் 15 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. நாளொன்றுக்கு 20 பீடி குடிப்பவர், பீடிக்குப் பத்து இழுப்பு என்று கொண்டாலும், 200 தடவை மூளைக்கு இப்பாடத்தைக் கற்பிக்கிறார். அதுவும் எங்கே? காலையில் கொல்லைப்புறம் செல்லும்போது, கஞ்சி குடித்து வரப்பில் அமரும்போது, இரவில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார்க் கொட்டகையில் விழித்திருக்கும்போது. இவ்வாறு அந்த இடமும் நேரமும் பீடியோடு பிணைந்து போகின்றன. வண்டிக்காரர் உறங்கிவிட்டாலும் மாடு பழகிய தடத்திலேயே வீடு வந்து சேருவதில்லையா? உடலிலிருந்து நிகோடின் சில நாட்களில் நீங்கிவிடும். பழகிய தடம் அத்தனை விரைவில் அழிவதில்லை.

முதலில் உடம்பின் தொல்லைகளைக் கவனிப்போம். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுதல் ஆகியவை நிறுத்திய சில மணி நேரத்திலேயே தலைகாட்டி, முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்கு இருமல் சற்று மிகும். வாயில் புண்ணும் வரலாம். "விட்ட பிறகுதான் உடம்பு கெட்டது" என்று பலர் கருதுவது இதனாலேயே. பீடியில்லாமல் மலம் கழியாது என்ற புகாரையும் விவசாயிகளிடம் நாம் மிகுதியாகக் கேட்டிருக்கிறோம். இது வெறும் கற்பனையன்று. நிகோடினுக்குக் குடலைத் தூண்டும் தன்மை உண்டு. அது நின்றதும் சிலருக்கு மலச்சிக்கல் ஏற்படுகிறது. எழுந்ததும் வெந்நீர் அருந்துதல், கீரை, வாழைப்பழம், கொய்யா ஆகியவற்றை அதிகமாக உண்ணுதல் இவற்றால் பெரும்பாலோர்க்கு நிலைமை சீராகும்.

தேநீரைப் பற்றியும் கூற வேண்டும். புகைப்பவர் உடலில் தேநீர், காப்பியிலுள்ள காஃபின் விரைவில் கரைந்து போகிறது. புகைப்பது நின்றதும் அதே அளவு தேநீர் குடித்தாலும் காஃபின் நெடுநேரம் உடலில் தங்குகிறது. அதனால் வரும் படபடப்பையும் உறக்கமின்மையையும் பீடி ஆசை என்று எண்ணி மீண்டும் பற்றவைத்தவர் உண்டு. முதல் மாதத்தில் தேநீரைப் பாதியாகக் குறைப்பது நலம்.

இனி, பழகிய தடத்தின் தொல்லை. நமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டவர். மூன்றாம் மாதம் ஒரு துக்க வீட்டில், பந்தலுக்கு வெளியே நின்ற உறவினர் நீட்டிய ஒரு பீடியை மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பும் வழியில் ஒரு கட்டு வாங்கினார். "போனது போகட்டும்" என்பதே அப்போது அவர் மனத்தில் தோன்றிய எண்ணமாம். அந்த ஒரு பீடியைவிட இந்த எண்ணமே அவரை வீழ்த்தியது என்று நாம் கருதுகிறோம். ஒருமுறை கால் இடறியதை மூன்று மாத முயற்சி முழுதும் பாழாயிற்று என்று எண்ணியதால்தான் அவர் கட்டை வாங்கினார். மீதமுள்ளதை அந்த நிமிடமே தண்ணீரில் எறிந்துவிட்டு, வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லியிருந்தால், மறுநாள் தொண்ணூற்றோராம் நாளாகவே இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு அவர் மீண்டும் முயன்றார். இம்முறை மோட்டார்க் கொட்டகையிலிருந்து தீப்பெட்டியை அகற்றினார். இரவுக் காவலில் விழித்திருப்பதற்குப் பொரிகடலையும் வறுத்த நிலக்கடலையும் மடியில் கட்டிச் சென்றார். ஆசை எழும்போது வாய்க்கால் மடையை ஒரு நடை பார்த்து வருவார். அவர் திரும்பும்போது அது பெரும்பாலும் தணிந்திருக்கும். கடுமையான ஆசையும் சில நிமிடங்களில் தானே தணியக்கூடியது என்பதை அறியாமலே பலர் தோற்றுப் போகின்றனர். மது அருந்தும் இடங்களுக்குச் செல்வதையும் அவர் நிறுத்தினார். குடித்த வேளையில் தவறிப் பீடி தொட்டவர்கள் எண்ணற்றவர்.

பீடியை விட்டு வாயில் புகையிலை அடக்கிக்கொள்வோரும் இருக்கின்றனர். இது பழக்கத்தை விடுவதாகாது. நிகோடின் வேறு வாசல் வழியே வருகிறது, வாய்ப் புற்றுநோயும் கூடவே வரலாம். ஆசையைத் தணிக்க மருந்து வேண்டுவோர்க்கு 2 மில்லிகிராம் நிகோடின் மெல்லும் பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதை மிட்டாய்போல் ஓயாது மெல்லலாகாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பும், மெல்லும்போதும் தேநீர், காப்பி கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துதல் நன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கது யாது? பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. பஞ்சாயத்து அலுவலகமும் அவற்றுள் அடங்கும். ஆயினும் கூட்டம் முடிந்தவுடன் அலுவலக வாசலிலேயே பற்றவைப்பவர் நம்மவர்தாம் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. 200 ரூபாய் வரையிலான அபராதத்தைவிட, கலியாணத்திலும் துக்கத்திலும் வெற்றிலைத் தட்டில் பீடி, சிகரெட்டு வைக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் கைவிடச் செய்வதே விட்டவர்க்குப் பெருந்துணையாகும். ஆண்டுதோறும் அதே அக்டோபர் 2-ஆம் நாளில் கூடும் கிராம சபையில் இதை எடுத்துப் பேசலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. அதில் ஆலோசனை கிடைக்கும். இவ்வெண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் பால் சங்கக் கட்டடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு அதிகச் செலவாகாது.

மேலே கூறிய விவசாயி பீடியைத் தொட்டு இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. துக்க வீடுகளுக்குச் சென்றால் இன்றும் அவர் பந்தலுக்கு வெளியே நிற்பதில்லை; உள்ளே சென்று பெரியவர்களுக்கு நடுவில் அமர்ந்துகொள்கிறார்.