சொரியாசிஸுக்கு பயாலஜிக் ஊசி: போடும் முன் தெரியவேண்டியவை

சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலும் பரவாது, ஒரே துண்டில் துவட்டினாலும் பரவாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முழங்கையிலும் உச்சந்தலையிலும் செதில் உதிர்கிறவர்கள் கல்யாணப் பந்தியில் ஓரமாகப் போய் உட்காருவது இன்னமும் நடக்கிறது.

கோளாறு தோலில் தெரிந்தாலும், அதைத் தூண்டுவது உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம். மேல்தோல் அணு ஒன்று அடியில் பிறந்து, மேலே வந்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் போல ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே முடிந்துவிடுவதால், முதிராத அணுக்கள் செதிலாகக் குவிகின்றன. இந்த அவசரத்தை மூட்டிவிடுபவை நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சில புரதங்கள். டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் போன்ற பழைய மாத்திரைகள் நோயெதிர்ப்பைப் பொதுவாகத் தணிக்கின்றன. பயாலஜிக் மருந்தோ மேலே சொன்ன புரதங்களில் ஏதாவது ஒன்றின் வேலையை மட்டும் குறிவைத்துத் தடுக்கிறது. உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் இந்த மருந்தும் ஒரு புரதமே. வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும் என்பதால்தான் ஊசியாகத் தருகிறார்கள். அடலிமுமாப் டிஎன்எஃப் ஆல்ஃபாவையும், செகுகினுமாப் இன்டர்லூகின் 17-ஐயும், குசெல்குமாப் இன்டர்லூகின் 23-ஐயும் தடுக்கின்றன. செகுகினுமாப் ஆய்வுகளில் 12 வாரங்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு நோயின் கடுமை முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. பல ஆண்டுகள் களிம்பு மட்டுமே பூசிச் சலித்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் எல்லோருக்கும் ஊசி வேண்டியதில்லை. விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு, உடம்புத் தோலில் சுமார் 1 விழுக்காடு. படை அப்படிப் பத்து உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, முகம், உள்ளங்கை, பாதம், மறைவிடம் போன்ற இடங்களில் வாட்டினாலோ, களிம்புக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோதான் பேச்சு ஊசிக்கு வரும். சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கக்கூடும் என்பதால், மூட்டுவலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காலையில் விரல்கள் விறைத்து, மடக்கவே வெகுநேரம் ஆகிறதென்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தோல் பழையபடி ஆகும், அரித்துப்போன மூட்டு ஆகாது.

இனி, நம் நாட்டில் எதையும்விட முக்கியமான ஒன்று: காசநோய். உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் இருப்பது இந்தியாவில். இருமலும் காய்ச்சலும் இல்லாமலே அந்தக் கிருமி பலர் உடம்பில் உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி அணுக்களால் அரண் கட்டிக் காப்பதில் டிஎன்எஃப் ஆல்ஃபாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊசி போட்டு அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். இன்டர்லூகின் 17, 23 ஆகியவற்றைத் தடுக்கும் மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு. இருந்தும் எந்த ஊசியானாலும் மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா இரத்தப் பரிசோதனையும் முதலில் செய்தாக வேண்டும். உறங்கும் கிருமி இருந்தால், தடுப்பு மாத்திரையைத் தொடங்கிப் பெரும்பாலும் ஒரு மாதமாவது போன பிறகே முதல் ஊசி. ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளும் கூடவே நடக்கும். பரிசோதனை எதுவும் இல்லாமல், 'இன்றைக்கே போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஊசி போடுவது பயப்படும்படியான காரியமல்ல. பேனா போன்ற கருவியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர்ச்சி போகும்வரை சிறிது நேரம் வெளியே வைக்கவேண்டும். படை இல்லாத இடமாகத் தொடையிலோ வயிற்றிலோ பார்த்து அழுத்தினால், 'டிக்' என்ற ஓசையோடு மருந்து இறங்கத் தொடங்கும். முதல் தடவை மருத்துவமனையில் கற்றுக்கொண்டு, பிறகு பலர் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

செலவுதான் பெரிய தடை. உலகின் முதல் அடலிமுமாப் பயோசிமிலரை 2014-இல் அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா வெளியிட்டது. அசலை ஒத்த இத்தகைய மருந்துகள் சிலருக்கேனும் விலையைக் கைக்கெட்டச் செய்திருக்கின்றன. சுமை இன்னும் பெரியதுதான். தொடங்குமுன் முதல் ஊசியின் விலையோடு நிறுத்தாமல், ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இது நோயை அடக்கி வைக்கும் மருந்து, வேரோடு பிடுங்குவதல்ல. நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் படை திரும்பும்.

ஊசி தொடங்கிய பிறகு உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் கூடாது. வேறெதற்காக டாக்டரைப் பார்த்தாலும் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் டாக்டரிடம் போங்கள்.