உங்களுக்குத் தெரியுமா? சீல் ரத்தம் பூசிய படகு

1915 நவம்பரில் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் அன்டார்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகளால் நசுக்கப்பட்டு மூழ்கியது. அதில் போன பயணக் குழுவின் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் அவருடைய ஆட்கள் 27 பேரும் மறு ஏப்ரலில் ஆளில்லாத எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனை அங்கிருந்து கொஞ்சம் பக்கம்தான். ஆனால் ஓயாத மேற்குக் காற்றை எதிர்த்துப் பாய்மரப் படகு எப்படிப் போகும்? எனவே காற்றோடு போய், 1,300 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த தெற்கு ஜார்ஜியா தீவில் உதவி கேட்பதென்று முடிவாயிற்று.

படகின் பெயர் ‘ஜேம்ஸ் கெயர்ட்’. நீளம் ஏழு மீட்டர்கூட இல்லை. தச்சர் ஹாரி மெக்னிஷ் கையில் கிடைத்த பலகைகளால் அதன் பக்கங்களை உயர்த்தினார், மேலே கித்தான் போர்த்தினார். இடுக்குகளை அடைக்க ஓவியரின் எண்ணெய் வண்ணமும் சீல் ரத்தமும்!

ஏப்ரல் 24 அன்று ஆறு பேர் கிளம்பினார்கள். திசை காட்டிய ஃபிராங்க் வோர்ஸ்லி கண்ணில் அந்தப் பயணத்தில் சூரியன் தட்டுப்பட்டதே நாலைந்து தடவைதான். ஆடும் படகில் ஒருவர் அவரைப் பிடித்துக்கொள்ள, செக்ஸ்டன்ட் கருவியால் கோணம் அளந்து கணக்குப் போட்டார். கணக்கு சற்றே பிசகியிருந்தால் தீவைத் தாண்டிப் பெருங்கடலுக்குள் போயிருப்பார்கள். மே 10 அன்று கரை சேர்ந்தார்கள்.

எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டின் ‘யெல்சோ’ கப்பல் உயிருடன் மீட்டது. ஆனால் மெக்னிஷுக்கு ஒரு குறை: பனியில் தலைவரோடு மோதியவர் என்பதால், துருவப் பதக்கப் பரிந்துரையில் ஷாக்கிள்டன் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அநியாயம்தான்.