கல்லீரலுக்கு வரும் ஆணைகள்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், சந்தவாசல் என்னும் ஊர் இருக்கிறது. மலைமேல் சாமையும் கேழ்வரகும் விளையும். மலையடியில் நெல்லும் வாழையும் செழிக்கும். இத்தகைய ஊரில் வயலில் உழைத்து வாழும் மெலிந்த உழவர் ஒருவர், வேறு ஏதோ வயிற்றுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரிக்குச் சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது" என்று அறிக்கை வருகிறது. உறவினர் அவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்குகின்றனர். ஈரல் கெட்டால் அது குடியினால்தான் என்பது நம் ஊர்களில் வேரூன்றிவிட்ட எண்ணம். அவரோ மதுவைத் தொட்டறியாதவர். எண்ணெயில் பொரித்த பண்டங்களைப் பண்டிகை நாளில் மட்டுமே காண்பவர். அப்படியானால் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், கல்லீரலை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு இரத்தத்தின் வழியாக வந்து சேரும் ஆணைகளையும் பார்க்க வேண்டும். நம் உடம்பில் சில சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் சில பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவை தொலைவிலுள்ள உறுப்புகளைச் சென்றடைந்து, "இதைச் செய், இதை நிறுத்து" என்று பணிக்கின்றன. 1902-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு விஞ்ஞானிகள் இத்தகைய பொருள் ஒன்றைக் கண்டறிந்தனர். 1905-இல் ஸ்டார்லிங் இவற்றுக்கு 'ஹார்மோன்' என்று பெயர் வழங்கினார். தூண்டி இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் 'இயக்குநீர்' என்று நாம் சொல்வது இதனோடு நன்கு பொருந்துகிறது.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் இவற்றுள் ஒன்று. 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்த வரலாற்றை நீங்கள் பாடநூலில் படித்திருக்கலாம். ஆயினும் இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் வழி அதன்பின் நெடுங்காலம் கிட்டவில்லை. காரணம் எளிது. வெறும் வயிற்றில் உள்ள ஒரு மனிதரின் இரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு கூட இன்சுலின் இருப்பதில்லை. எந்தத் தராசு இதனை நிறுக்கும்? நியூயார்க்கில் போர்வீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ரோசலின் யாலோ அம்மையாரும் டாக்டர் பெர்சனும் கதிரியக்க அயோடினைத் துணையாகக் கொண்டு இதற்கொரு முறையை வகுத்து 1960-இல் விரிவாக வெளியிட்டனர். பெர்சன் 1972-இல் காலமாகிவிட்டமையால், 1977-இல் நோபெல் பரிசை யாலோ மட்டுமே அவ்வாராய்ச்சிக்காகப் பெற்றார்.

அவர்கள் அளந்து பார்த்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. நடுவயதுக்குப் பின் நீரிழிவு கண்டவர்கள் பலருக்கு இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இருக்கும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். ஆனால் அது குறையவில்லை. சிலரிடம் மிகுந்தே இருந்தது. ஆணை போய்க்கொண்டிருக்கிறது, கேட்பார்தாம் இல்லை! நம் கொழுப்பு ஈரலின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

உணவு உண்டபின் இன்சுலின் இடும் ஆணைகளைச் சற்று நோக்குவோம். தசைகளை நோக்கி, "சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்" என்கிறது. தோலடியிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்புத் திசுவை நோக்கி, "உன் கையிருப்பைப் பிடித்துவைத்துக்கொள், வெளியே விடாதே" என்கிறது. கல்லீரலுக்கு இரண்டு ஆணைகள்: "புதிதாகச் சர்க்கரை செய்வதை நிறுத்து, மிகுந்துவரும் சர்க்கரையைக் கொழுப்பாக்கு." கணையத்திலிருந்து புறப்படும் இரத்தம் உடம்பெங்கும் பரவுமுன் முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. ஆகவே இன்சுலினின் குரல் மற்றெல்லா உறுப்புகளையும்விடக் கல்லீரலுக்கே உரத்துக் கேட்கும்.

இனி, தசைகள் செவிடாகிவிட்டன என்று கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. கணையம் இன்னும் உரக்கக் கூவுகிறது. அதாவது இன்சுலினை மேலும் மேலும் சுரக்கிறது. கொழுப்புத் திசுவும் கேளாமற்போகவே, அது தன் கையிருப்பை இரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. கல்லீரலின் போக்கு இதைவிட விசித்திரமானது. "சர்க்கரை செய்யாதே" என்னும் ஆணைக்கு அது செவிசாய்ப்பதில்லை. "கொழுப்பு செய்" என்னும் ஆணையை மட்டும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறது. இந்த ஓரவஞ்சனைக்கு முழுக்காரணம் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கின்றனர்.

கல்லீரலில் தங்கிய கொழுப்பு எவ்வெவ் வழியில் வந்தது என்பதை அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் அளந்து 2005-இல் வெளியிட்டனர். பருத்த உடலினரான ஒன்பது நோயாளிகளின் உணவிலும் இரத்தத்திலும் அடையாளமிட்ட அணுக்களைச் சேர்த்துத் தொடர்ந்து பார்த்தனர். கல்லீரல் கொழுப்பில் ஏறக்குறைய 59 சதவீதம், கொழுப்புத் திசுவிலிருந்து அவிழ்ந்து இரத்தத்தில் வந்தது. 26 சதவீதம், சர்க்கரை முதலியவற்றிலிருந்து கல்லீரலே தயாரித்துக்கொண்டது. உணவிலுள்ள கொழுப்பு நேரே வந்து சேர்ந்தது வெறும் 15 சதவீதம். எண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வளவு பிழை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

மெலிந்தவருக்கு இது எப்படி நேரும் என்று கேட்கலாம். பூனா நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 2004-இல், தம்மையும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினையும் அருகருகே நிறுத்திய புகைப்படம் ஒன்றை வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடை என்று மருத்துவர்கள் கணக்கிடும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2 சதவீதம். புறத்தே மெலிவும் அகத்தே கொழுப்புமாக இருப்பது நம்மவருள் பலரது உடற்கூற்று இயல்பு. மேற்கு வங்கத்துப் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சியும் இதையே உறுதி செய்தது. அங்கே பெரும்பாலோர் உழைப்பாளிகள், ஏழைகள். அவர்களுள் 8.7 சதவீதத்தினருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் காணப்பட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருத்தவர்களே அல்லர். நகர வாழ்வு இதனை இன்னும் பெருக்குகிறது. சென்னையில் நிகழ்த்தி 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் 32 சதவீதத்தினருக்கு இது இருந்தது.

இன்சுலின் ஒன்றே இதற்குப் பொறுப்பன்று. தைராய்டு சுரப்பியின் இயக்குநீர் கல்லீரலில் கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. அது குறைந்தவர்களிடம் கொழுப்பு ஈரல் அதிகம். அந்த ஆணையைக் கல்லீரலுக்கு மட்டும் சொல்லும்படி அமைத்த ரெஸ்மெட்டிரம் என்னும் மருந்தை, ஈரலில் வடு விழத் தொடங்கிய நோயாளிகளுக்காக, அமெரிக்க அரசு 2024 மார்ச்சில் அங்கீகரித்தது. கொழுப்புத் திசுவே சுரக்கும் அடிப்போனெக்டின் என்னும் நன்மை செய்யும் பொருள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் குறைந்து காண்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காவலாக நிற்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றும் கோளாறுள்ள இளம்பெண்களுக்கோ, ஆண்தன்மை இயக்குநீர் மிகுவதால் ஆபத்து முன்கூட்டியே வருகிறது.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில், அது ஐதராபாத்துக்கு மாறுமுன், டாக்டர் கோபாலன் முதலியோர் குவாஷியார்க்கர் என்னும் குழந்தை நோயை ஆராய்ந்தனர். புரதப் பற்றாக்குறையால் வீங்கி வாடும் அக்குழந்தைகளின் கல்லீரலிலும் கொழுப்பு நிறைந்திருக்கும்; கொழுப்பைச் சுமந்து வெளியே செல்லும் புரதத்தைச் செய்யக் கல்லீரலுக்கு வகையில்லாமற்போவது அதற்கு ஒரு காரணம். அன்று இல்லாமையால் தேங்கிய கொழுப்பு, இன்று மாவுப்பொருளின் மிகுதியால் தேங்குகிறது. 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் தம் உணவின் சக்தியில் 62 சதவீதத்தை மாவுப்பொருள்களிலிருந்தே பெறுகின்றனர். அதில் பெரும்பங்கு தீட்டிய தானியமும் சர்க்கரையும். பசியை விரட்டிய நியாயவிலைக் கடை அரிசியைக் குறைசொல்வது என் கருத்தன்று. ஆனால் சாமைச் சோறு இருந்த தட்டில் வெள்ளரிசி மட்டுமே குவியும்போது, இன்சுலினின் குரல் நாள்தோறும் உயர்கிறது என்பதை மறைக்கவும் இயலாது.

இந்நோய் வலியின்றி வரும். கல்லீரலில் கால்வாசியளவு கொழுப்பு ஏறும்வரை சாதாரண ஸ்கேனில் தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரல் வடுப்பட்டுச் சுருங்கிவிடும். இவர்களுள் மிகப் பலரை மாய்ப்பது மாரடைப்பே. குடியினால் வந்தது என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சி அறிக்கையை மடித்துப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இந்தக் காலத்தைத்தான் இழக்கின்றனர். அப்பழி நீங்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாக, 2023-இல் உலக நிபுணர்கள் நோயின் பெயரிலிருந்து மது என்னும் சொல்லையே எடுத்துவிட்டனர்.

இன்சுலினை அளக்கும் வசதி சிற்றூரில் இல்லாவிடினும், தையற்காரரின் நாடா போதிய துப்புத் தரும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், வெறும் வயிற்றில் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் பார்த்துவிடுவது நலம். நடக்கும்போது தசைகள் இன்சுலினின் ஆணைக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கணையமும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். பருத்தவர்கள் தம் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் பெரும்பாலும் தணிகின்றன. மெலிந்தவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு, மூன்று கிலோ குறைந்தாலே பலன் தெரிகிறது.